லாப்பிஸ் கேக்கில் ஒரு கறுப்புக் கோடு

பதினோராவது அடுக்கு கருகும் வாசனை பின்சந்து முனையிலேயே எனக்கு வந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தேன், அதுதான் வேடிக்கை.

எண்பதுகளில் மலேசியாவில், சிரம்பான் ரஹாங்கில் ஒரு கேக் கடையில் எனக்கு வேலை. தீபாவளி வந்தால் லாப்பிஸ் கேக் ஆர்டர் குவியும். ஒரு கரண்டி மாவு ஊற்றி, ஓவனின் மேல் சூட்டில் ஐந்து நிமிடம் சிவக்க விட்டு, அதன்மேல் அடுத்த கரண்டி. இப்படிப் பதினாறு அடுக்கு. வெட்டினால் பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிய வேண்டும்.

கேக் கருகிய அந்த வருஷம் டாக்டர், "ரத்தத்துல சீனி எல்லையில நிக்குது. தினமும் ஓடுங்க, கேக்கைக் குறைங்க" என்றார். வெட்டும்போது விழும் ஓரத்துண்டுக்காகவே வேலைக்குப் போகிறவள் நான். விடியற்காலையில் ஏரியைச் சுற்றி மூன்று சுற்று ஓடிவிட்டு, ஒரே ஒரு துண்டு தின்பேன். அதற்குத் தனி ருசி. சீனியும் இறங்கியது. முதலாளியம்மா ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சீனி விஷயத்தைச் சொல்லவில்லை. சீனிக்காரிக்குக் கேக் கடையில் என்ன வேலை என்று நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

தீபாவளி ஆர்டர் என் விடியற்காலையைப் பிடுங்கிக்கொண்டது. அதனால் ஒவ்வோர் அடுக்கும் சிவக்கிற ஐந்து நிமிடத்தில் பின்சந்தை ஒரு சுற்று ஓடி வருவேன். அன்று ஆசை விடவில்லை, இன்னொரு சுற்றும் போனேன்.

கருகியதைச் சுரண்டிவிட்டு மீதி அடுக்குகளை ஊற்றி முடித்தேன். ஓரம் வெட்டியதும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

அது நான் பிறந்த எஸ்டேட்டின் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கொடுத்த ஆர்டர். தீபாவளிக் காலையில் மானேஜர் துரையின் பங்களாவுக்குக் கேக் தட்டு கொண்டுபோவது அவர் வழக்கம்.

"என்னம்மா மல்லிகா, இதைத் தொரை முன்னால வச்சா என் மானம் போயிரும்லா. நாளைக்கு வேற போட்டுக் குடு" என்று தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓவனா, ரோடா? ஒண்ணை முடிவு பண்ணு."

"ஓவன்தான்க்கா" என்றேன். அழுகை வந்தது.

மறுநாள் ஓவனை விட்டு அசையவில்லை. கை சும்மா இருக்குமா? அடுக்குக்கு ஒரு துண்டாக அந்தக் கறுப்புக் கோடு கேக்கைத் தின்றேன். நாலாவது துண்டில் அக்கா கையைப் பிடித்தார்.

"அப்படி என்ன பைத்தியம் உனக்கு? ஒண்ணு ஓடுறே, இல்லாட்டி திங்கிறே!"

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அக்கா ஸ்டூலை இழுத்து ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"போ, ஓடு. செவந்ததும் நான் ஊத்துறேன்."

"நீங்கதானேக்கா வேணாம்னீங்க?"

"கேக்கு கருகக்கூடாதுன்னேன். நீ படுத்துட்டா அடுத்த தீபாவளிக்கு யாருலா லாப்பிஸ் போடுறது? போ!"

மீதிப் பன்னிரண்டு அடுக்குக்கும் பன்னிரண்டு சுற்று ஓடினேன். கிராணி வாய்நிறையச் சிரித்துக்கொண்டு கேக்கை வாங்கிப் போனார்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உடம்புக்கு என்ன என்பதை உடன் வேலை செய்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் மறைத்ததில்தான் கேக் கருகியது.

அதன் பிறகு ஓரத்துண்டுகள் அக்காவின் டப்பாவுக்குப் போயின. தினமும் ஒன்றை எடுத்து நீட்டுவார். நான் கையை நீட்டினால் பின்னால் இழுத்துக்கொள்வார்.

"ஓடியாச்சா?"