பூச்சியமாம் இலக்கக் காணி

என்னை அந்த வகுப்புக்குக் கூப்பிட்டது என் அறிவுக்காக அல்ல, என் தலைக்காக. இருபது தலை வேண்டும் என்பது விதி. பத்தொன்பதுதான் மிஞ்சியிருந்தன.

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், ஆறு மாதத்தில் கணினிச் செய்நிரல் எழுதக் கற்பித்து வேலைக்கும் வழி செய்வதாகச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனம் வகுப்பு ஆரம்பித்தது. ஆரம்ப விழாவுக்கு மகளோடு நானும் போயிருந்தேன். ஐந்து பேர் பேசினார்கள். எதிர்காலம் என்ற சொல் முப்பத்தொரு தடவை வந்தது. இடையில் மின்சாரம் இரண்டு தடவை போனது. அன்று பதிந்தவர்கள் நாற்பத்தொருவர். மதியம் சோற்றுப் பார்சலும் ஆளுக்கொரு ரீசேட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது கிழமை சோறு நின்றது, இருபத்தாறு பேரானார்கள். ஐந்தாவது கிழமை பத்தொன்பது. இதில் வியக்க ஒன்றுமில்லை. பட்டியல் என்று ஒன்று வந்தால் முதலில் பெயரைக் கொடுத்துவிட்டு, எதற்கென்று பிறகு விசாரிக்கப் பழகிய சனம் நாங்கள். அரிசிக்குப் பட்டியல், தகரத்துக்குப் பட்டியல், கிணற்றுக்குப் பட்டியல். இது கோடிங்குக்கு ஒரு பட்டியல்.

என் மகள் சோற்றுக்கு வந்தவள் அல்ல. அவளுக்கு முப்பத்தொரு வயது. சாதாரணதரப் பரீட்சையைச் செட்டிகுளத்து அகதி முகாமில் எழுதியவள். பிறகு ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துத் தைத்தாள். காலை ஐந்து இருபதுக்குப் பஸ் வாசலுக்கு வரும். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த வகுப்பில் போய் இருந்தாள். முடிவில் ஒரு மென்பொருள் கம்பனியிலிருந்து ஆள் வந்து, வகுப்பில் இரண்டு பேரைத் தெரிவு செய்யும் என்றார்கள். அந்த இரண்டில் ஒன்றாக வராவிட்டால் திரும்பவும் ஐந்து இருபது பஸ். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆறாவது கிழமை வகுப்பின் இணைப்பாளர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்.

“ஒரு தலை குறைஞ்சாலும் மேலிடம் வகுப்பை மூடிப்போடும் ஐயா. நீங்கள் சும்மா வந்து இருந்தாக் காணும்.”

“எனக்கு அறுபத்தொன்பது வயசு தம்பி. உங்கட பனரில இளைஞர் எண்டெல்லோ போட்டிருக்கு.”

“படிவத்தில வயசுக் கூட்டை வெறுமையா விடுங்கோ. அதை நான் நிரப்புறன்.”

அவரை வாசலோடு அனுப்பத்தான் எழும்பினேன். குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

“வீட்டில இருந்து காகம் எண்ணுறதுக்கு அங்க போய் இருங்கோவன். எனக்கும் ஒரு நிம்மதி.”

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் நான் இருபத்தொன்பது வயது இளைஞன் என்பதைப் பிறகு அறிந்தேன். நாற்பது வருடத்தை ஒரு பேனாவால் கழிக்கக்கூடியவரை நான் அன்றுதான் கண்டேன்.

மேல்மாடிக்குப் பதினெட்டுப் படி. கணினிகள் பதினாறு, அவற்றில் பதின்மூன்று வேலை செய்தன. மின்விசிறி நான்கு, சுழன்றவை மூன்று. படிப்பித்தவர் பளையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பொடியன். நல்ல பிள்ளை, ஆனால் ஒரு வசனத்தையும் தமிழில் தொடங்கித் தமிழில் முடிக்கத் தெரியாது. விளங்கிச்சுதோ என்று கேட்பான். எல்லோரும் ஓம் என்பார்கள். விளங்காத பத்தொன்பது பேர் ஒரே குரலில் சொல்லும் ஓமை வைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான். பக்கத்துக் கதிரையில் மல்லாவியிலிருந்து வந்த ஒருவன், திரையில் இருப்பதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பான். வகுப்பு முடியும்போது எழுநூறு படத்துக்கு மேல் வைத்திருந்தான். தானாக எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. மாதம் ஒரு தடவை வெளியிலிருந்து யாராவது வந்து எங்களை ஊக்குவிப்பார்கள். ஊக்குவிக்க வந்த ஆறு பேரில் ஒருவருக்காவது செய்நிரல் எழுதத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நான் சும்மா இருக்கப் போனவன். சும்மா இருப்பது எனக்கு வராது. நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்தொன்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். குளத்தின் எந்தத் துருசுக் கதவு எத்தனை அங்குலம் திறந்தது, எந்த வாய்க்காலில் எத்தனை மணித்தியாலம் தண்ணீர் ஓடியது என்று எழுதி எழுதியே விரல் கோணியது. கணினிக்கு நிரல் எழுதுவது இவர்கள் சொல்வதுபோல் மாயமும் அல்ல, எதிர்காலமும் அல்ல. ஒரு முட்டாள் காவல்காரனுக்கு ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுக்கும் கட்டளை. கந்தோரில் நான் செய்த வேலைதான். நான் போன மூன்றாவது கிழமைக்குள் எனக்குப் பிடிபட்டது. ஒன்றைத் தவிர.

பட்டியலில் முதலாவதாக இருப்பதைக் கணினி பூச்சியம் என்று எண்ணுமாம். இரண்டாவதை ஒன்று என்று எண்ணுமாம்.

“ஏன் தம்பி?”

“அது அப்பிடித்தான் ஐயா.”

“இருபது பேர் இருக்கிற வகுப்பில பூச்சியமாம் ஆள் ஆர்? எழும்பச் சொல்லுங்கோ பாப்பம்.”

வகுப்பு சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “அப்பா, சும்மா இருங்கோ,” என்றாள் பல்லுக்குள்.

கடைசி இரண்டு மாதமும் சோடி சோடியாக ஒரு வேலையைச் செய்து, கம்பனி ஆள் வரும்போது காட்ட வேண்டும். கிழவனோடு சோடி சேர ஒருவரும் வரவில்லை. மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். வேறு யாரோடும் இருந்திருந்தால் அவளுக்கு நல்லது. அதை அப்போது நான் நினைக்கவில்லை. கிழவனோடு இருக்க அவர்களுக்குத்தான் தகுதியில்லை என்று நினைத்தேன்.

நாங்கள் எடுத்தது முறைத் தண்ணீர். எங்கள் கிளை வாய்க்காலில் இருபத்துமூன்று காணி. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு, ஆகவே காணிக்கு ஆறு மணித்தியாலம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒரு சுற்று முடிய ஐந்து நாளும் பதினெட்டு மணித்தியாலமும். துருசுக்குக் கிட்ட இருப்பது முதலாம் காணி, வாய்க்காலின் வால் முனையில் இருப்பது இருபத்துமூன்றாம் காணி. தண்ணீர் முதலில் போக வேண்டியது வால் முனைக்கு. மேலே இருப்பவனுக்கு முதலில் கொடுத்தால் கீழே ஈரமும் போய்ச் சேராது. இந்த ஒழுங்கை எழுத்தில் கொண்டுவர நான் கந்தோரில் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறேன். யார் எந்த நாள் எத்தனை மணிக்கு மடையைத் திறக்கலாம் என்று கணினியே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

அழகான பகுதிகளை மகள் எழுதினாள். பட்டியலை ஒவ்வொருவராக எடுத்து நேரம் போடும் பகுதியை நான் கேட்டு வாங்கினேன். அதில் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கினேன். மறதியால் அல்ல. பூச்சியமாம் காணி என்று ஒன்று வன்னியில் கிடையாது.

ஓட்டிப் பார்த்தோம். திரையில் பட்டியல் விழுந்தது. பென்சில் முனையை வைத்து மேலிருந்து கீழே எண்ணினேன். இருபத்துமூன்று வரி.

“சரியாக இருக்கு,” என்றேன்.

“நான் ஒருக்கா வடிவாப் பாக்கிறன் அப்பா.”

“இருபத்தொன்பது வருசமா எண்ணினவன் சொல்லுறன். உனக்கு என்ன பார்வை வேண்டிக் கிடக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பட்டியலை மூடிவிட்டாள்.

கந்தோரில் எங்களுக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. எண்ணும்போது வாசிக்கக்கூடாது, வாசித்தால் எண்ணிக்கை பிசகும். நான் வாசிக்கவில்லை. எண்ணினேன்.

கம்பனியிலிருந்து வந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஊக்குவிக்க வந்தவர்களைப்போல் அவர் சிரித்துக்கொண்டு வரவில்லை என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. எங்களுக்கு முன்னர் ஆறு சோடி காட்டினார்கள். நான்கு சோடி காட்டியது ஒரே கடைக் கணக்கு. நிறம் மட்டும் வேறு. எங்கள் முறை வந்தது. மகள் விளங்கப்படுத்தினாள். பட்டியல் சுவரில் பெரிதாக விழுந்தது.

“முதல் தண்ணி ஆருக்கு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

அதை மகள் சொல்லியிருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டேன்.

“வால் முனைக்கு. இருபத்துமூண்டாம் காணி. அவைக்குத்தான் எப்பவும் அநியாயம் நடக்கிறது. அதாலதான் அவை முதல்.”

அவர் சுவரைப் பார்த்து, திங்கள் காலை ஆறு மணிக்கு எதிரே இருந்த பெயரை வாசித்தார். “இவர்தான் இருபத்துமூண்டோ?”

அது இருபத்திரண்டாம் காணிக்காரனின் பெயர்.

அப்போதுதான் வாசித்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இருபத்துமூன்றாம் காணி எங்குமே இல்லை. கணினிக்குப் பூச்சியமாம் ஆள் அவன்; நான் ஒன்றிலிருந்து தொடங்கியதால் அவனைத் தாண்டிப் போயிருக்கிறது. இருபத்திரண்டு பெயர், மேலே ஒரு தலைப்பு வரி. தலைப்பையும் ஒரு கமக்காரனாக எண்ணியிருக்கிறேன். பதினொரு கடிதம் எழுதி யாருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேனோ, அவனைத்தான் என் கையால் வாய்க்காலில் இருந்தே எடுத்து எறிந்திருக்கிறேன்.

“இந்த இடம் ஆர் எழுதினது?” என்று கேட்டார்.

மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மனதுக்குள் ஒன்பது வரை எண்ணினேன்.

“நான்.”

“ஏன் ஐயா ஒண்டில இருந்து தொடங்கினீங்கள்?”

“பூச்சியமாம் காணியைக் கொண்டுவந்து காட்டுங்கோ, அதில இருந்து தொடங்குறன்.”

வகுப்பு சிரித்தது. மகளும் பளைப் பொடியனும் சிரிக்கவில்லை. கம்பனிப் பெண்ணும் சிரிக்கவில்லை; மகள் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் சரி பாக்கேல்லையோ?”

அந்தக் கேள்விக்குள் ஐந்து இருபது பஸ் நின்றதை நான் கண்டேன். பார்க்க வந்தவளைத் தடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

“இல்லை மிஸ். அப்பா எண்ணிப்போட்டுச் சரி எண்டவர். நான் நம்பினனான். இனி நம்பமாட்டன்.”

சொல்லிக்கொண்டே கணினிக்கு முன்னால் இருந்தாள். என் ஒன்றை அழித்துப் பூச்சியம் போட்டாள். அதோடு நிற்கவில்லை. பட்டியலில் உள்ள பெயர் எத்தனை, விழுந்த நேரம் எத்தனை என்று கணினியே எண்ணி, ஒத்துவராவிட்டால் சத்தம் போடும்படி இன்னும் நான்கு வரி எழுதினாள். சுவர் மணிக்கூட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஆகவில்லை. வால் முனைக்காரன் மேலே வந்து இருந்தான்.

“அந்த நாலு வரி ஏன்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“இவர் திரும்பவும் கை வைப்பார் மிஸ்.”

இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. இரண்டு பேரில் ஒருத்தி என் மகள். வேலை, மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை பிடிப்பது. அதற்கு ஒரு உத்தியோகம், அதற்கு ஒரு பதவிப் பெயர். எங்கள் கந்தோரில் அந்த வேலையை நான் எல்லோருக்கும் செய்தேன், அதற்காக என்னோடு பதினான்கு பேர் கதைக்காமல் விட்டார்கள். எனக்கும் ஒரு சான்றிதழ் வந்தது. இளைஞர் என்று போட்டிருந்தது. அதை அலுமாரிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரீசேட்டால் சைக்கிள் துடைக்கிறேன்.

அவள் இப்போது முன்னறையில் இருந்துதான் வேலை செய்கிறாள். கமராவுக்கு முன்னால் நான் சாரத்தோடு போகக்கூடாது என்பது சட்டம். எட்டு மாதத்தில் நான்கு தடவை மீறியிருக்கிறேன். ஐந்து இருபது பஸ் இன்னும் எங்கள் வாசலால்தான் போகிறது. நிற்பதில்லை. அந்தச் சத்தத்துக்கு அவள் விழிக்கிறாளோ தெரியாது, நான் விழிக்கிறேன்.

இந்தச் சிறுபோகத்துக்குக் கமக்காரர் அமைப்பு அவளிடம் முறைப் பட்டியல் கேட்டது. அச்சடித்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைப்பை விட்டு, ஒவ்வொரு பெயராக வாசித்து வாசித்து எண்ணினேன். முதலில் வால் முனைக்காரன். இருபத்துமூன்று.

“சரியாக இருக்கு,” என்றேன்.

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். எனக்கு முன்னாலேயே நின்று, முதலாவது பெயரில் விரலை வைத்து, தானும் ஒருமுறை எண்ணத் தொடங்கினாள்.