குமிழும் கோடும்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு டி.வி.யே அப்போதுதான் வந்திருந்தது. அது காட்டுவதைத்தான் நாம் பார்க்க வேண்டும். நெல்லுக்கு உரம் போடுவதைக் காட்டினால் உரம், செய்தி என்றால் செய்தி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது எங்கள் சொல்லைக் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஒரு பிஸ்கட் டின் நிறைய கேம்கள், ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு டப்பி. ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினால் விமானம் போய் பீரங்கி வந்தது. இத்தனையும் இந்த டப்பிக்குள் எங்கே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலேஜில் இயற்பியல் படிக்கிறேன் என்றுதான் பெயர்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டிருந்தது. விரல் கொஞ்சம் அசைந்தால்கூடப் போதும், மீதியைத் தேற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டு விரல்களையே பார்ப்பாள். அப்பா பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மாமா, குமிழ் வைத்த கன்ட்ரோலரை அப்பாவின் இடது கையில் கொடுத்தார். "இதைத் திருகுங்கோ அத்திம்பேர். கோடு மேலயும் கீழயும் போகும். பந்தைத் தட்டணும், அவ்வளவுதான்."

"புதுசா ஒண்ணை ஆரம்பிக்கறச்சே இடது கையாலயா?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வலது கையை எடுத்து வை."

இந்த மாதிரி விஷயங்களில் அவரோடு மல்லுக்கட்ட முடியாது. சம்பிரதாயத்துக்குத் தொட்டதாக இருக்கட்டும் என்று அந்தக் கையைத் தூக்கி, விரல்களைக் குமிழின்மேல் மடித்து வைத்தேன்.

திரையில் கோடு நடுங்கியது.

"ஒயர் லூஸா இருக்கும்" என்று மாமா ஒயரை அழுத்தினார். மறுபடியும் நடுங்கியது. நான் அப்பாவின் கையை எடுத்தேன். கோடு அப்படியே நின்றது. திரும்ப வைத்தேன். நடுங்கியது.

குனிந்து விரல்களைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் கண்ணுக்கு எட்டாத அசைவை அந்தப் பெட்டி பிடித்து, பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"அப்பா, நீங்கதான் ஆட்டறேள்" என்றேன்.

அவர் நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே முறைத்தார். கோடு விட்டு விட்டு ஒரு விரற்கடை மேலே ஏறியது. பந்து எங்கோ போய், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயின்ட் விழுந்தது.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "யார் ஜெயிக்கறா?"

அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "நான் தோத்துண்டிருக்கேன்" என்றார். "சீக்கிரம் வந்து பாரு."