பூத்தட்டின் வலது ஓரம்

புத்தர் முன் பூத்தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வைப்பதுதான் எங்கள் விகாரையில் வழக்கம். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் என் வலது கை மார்போடு மடங்கியே கிடக்கும். அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என் அப்பா, எங்கள் வீட்டில் நைனா, என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொள்வார். பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறையாவது யார் தயவும் இல்லாமல் அந்தத் தட்டை நானே ஏந்திவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பெங்களூரில் ஓரிடத்தில் புதிதாக ஒரு சிகிச்சை செய்து பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறினோம். பின்கழுத்தில் பட்டைகளை ஒட்டி, தண்டுவடத்துக்கு லேசான மின்சாரம் கொடுத்தபடியே கைக்குப் பயிற்சி தருவார்களாம். ஒட்டப்போகும் நேரத்தில் நைனா குறுக்கே வந்து நின்றார். தங்கச் சுரங்கம் மூடும்வரை ஆட்களைக் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் போய்வரும் இரும்புக் கூண்டில், இறக்கி ஏற்றியவர் அவர்.

“மேடம், காலி கேஜ் ஒருக்கா இறங்கி ஏறணும். அப்பாலதான் ஆளுங்க. மொதல்ல எனக்கு வெச்சுப் பாருங்க.”

“நைனா, நீ இன்னா காலி கேஜா? மானத்த வாங்காத.”

பயிற்சி தரும் அம்மா சிரித்துக்கொண்டே அவர் முன்கையில் ஒரு பட்டையை ஒட்டினார். “கூசுது, அவ்ளோதான்” என்று நைனா அனுமதி கொடுத்தார்.

“கரண்ட் கையைத் தூக்காதும்மா. நரம்பை ஸ்வல்ப உசுப்பிவிடும். தூக்கறது நீதான்” என்றார் அந்த அம்மா, கன்னடம் கலந்த தமிழில். அது எவ்வளவு உண்மை என்று போகப் போகத்தான் தெரிந்தது. அங்கே டம்ளரை எடுத்து எடுத்து வைத்தேன். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில், வீட்டுக் கொடியில் துணி கிளிப் மாட்டினேன். வலித்தால் கிளிப்பை வீசி எறிவேன். நைனா பொறுக்கி வந்து தருவார். மாதங்கள் போக, விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தன.

இந்த வைகாசிப் பௌர்ணமியன்று தட்டை எடுத்ததும் பழக்கதோஷத்தில் நைனாவின் கை என் முழங்கைக்கு வந்தது.

“கைய எடு நைனா.”

எடுத்தார். தட்டு வலப்பக்கம் சாய்ந்து இரண்டு பூக்கள் உதிர்ந்தன. என் விரல்கள் ஓரத்தை விடவில்லை. தட்டைப் புத்தர் முன் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நைனாவைக் காணோம். பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்துவரும் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய், “எம் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.