பாலைவனத்தில் ஓம்

எங்கள் ஆட்களுக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது. "பாப்பம்" என்போம். கலியாண வீட்டுக்கு வருவியளோ? பாப்பம். பிள்ளைக்கு எங்கட பக்கத்தில பெண் பாப்பமோ? பாப்பம், பாப்பம். கேட்டவரும் யாழ்ப்பாணத்து ஆள் என்றால், விளங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். கேட்டது நான்கு வயதில் ரொறன்ரோவுக்கு வந்து வளர்ந்த என் மகன் என்பதால்தான் வில்லங்கம் தொடங்கியது.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு அவன் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் என் அப்பார்ட்மென்றுக்கு வந்தான். மருமகள் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்த நேரம் அது. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, செப்டம்பரில அவ வேலைக்குத் திரும்பிப் போறா. நீங்கள் விட்பிக்கு, எங்கட வீட்டை வந்திடுங்கோ. பேஸ்மென்ற் முழுக்க உங்களுக்குத்தான். பேபியையும் பாக்கலாம், நீங்களும் இஞ்சை தனிய இருக்கத் தேவையில்லை."

நான் சட்டி கழுவிக்கொண்டே "பாப்பம்" என்றேன். மறுத்துவிட்ட நிம்மதி எனக்கு. பாதிச் சம்மதம் கிடைத்த சந்தோசம் அவனுக்கு.

பேரப்பிள்ளையில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவளைத் தூக்கினால் இறக்க மனம் வராது. ஆனால் நகருக்கு வெளியே தள்ளி இருக்கும் விட்பியில் பால் வாங்கவும் கார் வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தப் புது வீடுகளுக்கு நடுவே, யாராவது ஏற்றிப்போகும்வரை நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற் ஜன்னலால் புல்லின் வேரைப் பார்த்துக்கொண்டு இருப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். இங்கே லோரன்ஸ் வீதியில் இறங்கினால் பஸ், பாண் கடை, நூலகம். சனிக்கிழமைகளில் சமூக நிலையத்தில் மண்ணில் சட்டி செய்யப் பழக்கும் வகுப்பு. கணவர் காலமான வருடம், அழுது களைத்து, சும்மா எட்டிப் பார்த்த வகுப்பு அது. இப்போது என் பல்கனி முழுக்கக் கோணல் சட்டிகள். என் வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு என் கைப்பையில் இருப்பது எனக்குப் பெரிய விசயம். அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை.

அந்த வகுப்பில்தான் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துக்கு ஒரு சிறு குழு போகிறது, நியூ மெக்சிக்கோவில் மண் வீடுகள், ஓவியக்கூடங்கள், பூர்வகுடிகளின் கிராமங்கள் எல்லாம் பார்க்கலாம் என்று ஆசிரியை சொன்னாள். ஒரு படமும் காட்டினாள். சக்கரம் இல்லாமல் கையால் வளைத்து எழுப்பிய கறுப்புப் பானை. கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதன் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

"பாலைவனத்துக்கோ? தனியவோ? அந்த முழங்காலோடயோ?" என்றான் மகன்.

முழங்கால் நோவோடு நான் ஒற்றைக்காலில் நின்றேன். கரடுமுரடான நிலத்தில் ஒரு மைல் நடக்கக் கூடியவர்கள்தான் வரலாம் என்று பயணக்காரர் சொல்லியிருந்தார்கள். அன்று தொடங்கி லிப்ற் சும்மா நிற்க, நான் படியால் ஏறினேன். முதல் கிழமை மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். மேல்வீட்டுச் சீனத்து மனிதர் ஒவ்வொரு முறையும் நின்று, லிப்ற் பழுதா என்று கேட்டார். வசந்தம் வர, ஏழு மாடியும் நிற்காமல் ஏறினேன்.

பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் சமையற்கூடத்தில் நான் பல வருடம் வேலை செய்தவள். எத்தனையோ பேருக்குக் கோழியும் சோறும் மூடி அனுப்பியிருக்கிறேன். நான் ஏறிய விமானத்தில் எனக்குத் தந்தது ஒரு சின்னப் பக்கெற் பிஸ்கற். யாரிடம் போய் முறையிடுவது?

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும் என்று நினைத்திருந்தேன். அங்கே செம்மண் குன்றும், முழங்கால் உயரப் பற்றையும், விடியற்காலையில் பல்லை நடுங்க வைக்கும் குளிரும் இருந்தன. எங்கள் குழு எல்லோரும் ரொறன்ரோப் பக்கத்து ஆட்கள், என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர். ஓக்வில்லில் இருந்து வந்த, ஓய்வு பெற்ற பல் வைத்தியர் ஒருத்தி எனக்குத் துணையானாள். முதல் நாள் சாப்பாட்டுக் கடையில், மிளகாய்க் குழம்பு சிவப்பா பச்சையா என்று கேட்டார்கள். "கவனம், இது உறைக்கும்," என்று அவள் என் காதுக்குள் எச்சரித்தாள். எனக்கு! நான் இரண்டையும் வாங்கி, வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன்.

மகன் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் ரெயினில் இருந்து போன் எடுப்பான். எனக்கு அப்போதுதான் விடியும். தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில் ஒரு மண் திட்டு. குளிருக்குச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, காதுக்குள் போன் பேசும் சின்னக் குமிழைச் செருகிக்கொண்டு, அதில் போய் உட்காருவேன். அந்தப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். அது கிழக்குப் பக்கம். ரெயின் இரைச்சலில் பாதி விளங்காது. கண்ணை மூடிக் காதைக் கொடுத்தால்தான் கொஞ்சமாவது பிடிபடும்.

"அம்மா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"அந்த லைற் கிரீன் நல்லாத்தானே இருக்கும்?"

"ஓம்... ஓம்."

"அப்ப நான் ஒபிசில சொல்லட்டே?"

"ஓம்... ஓம்... ஓம்."

போனில் எங்கள் ஓம் அப்படித்தான். அது சம்மதம் இல்லை. நான் இருக்கிறேன், நீ சொல்லு, கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்பது மட்டும்தான். எதிர்ப்பக்கம் ஓம் வராவிட்டால் எங்கள் ஆட்களுக்கு லைன் அறுந்துவிட்டது என்று தோன்றும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பின்னால் செம்மண் தரையில் மூன்று பேர் கால் மடித்துச் சப்பாணி கட்டி, கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பல் வைத்தியர். அவள் மெல்லக் கண் திறந்து, சூரியனைப் பார்த்து நான் ஓதும் மந்திரம் தங்கள் மனத்தை ஆற்றுகிறது, இவ்வளவு நாளும் குழப்பக்கூடாது என்று தள்ளி நின்றார்களாம், நாளைக்கு மலை விளிம்பில் எல்லோருக்கும் நடத்துவேனா என்று கேட்டாள்.

நான் சால்வையை விலக்கிக் காதிலிருந்த குமிழைக் காட்டினேன். "இது என் மகன். எங்கள் தமிழில் ஓம் என்றால் ஆம்."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். எத்தனையோ வருடமாக நான் சிரிக்காத சிரிப்பு, வயிறு நொந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பல் வைத்தியர் கேட்டாள்.

"அப்படியென்றால் ஒவ்வொரு காலையும் மகனிடம் எதற்கு இவ்வளவு ஆம்?"

"அது ஆம் இல்லை. கேட்கிறது என்று அர்த்தம்."

"எது எந்த ஓம் என்று அவருக்குத் தெரியுமா?"

"எங்கள் ஆட்களுக்குத் தெரியும்," என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

வாய் மூடவில்லை, போன் சிணுங்கியது. மகன் படம் அனுப்பியிருந்தான். இளம்பச்சை பூசிய ஒரு அறை. அடுத்த படத்தில், என் சமையல் குசினிச் சாமான்கள் பெட்டி பெட்டியாக ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவசரத்துக்கு என்று நான் அவனிடம் கொடுத்திருந்த திறப்பால் உள்ளே போயிருக்கிறான். கீழே ஒரு குரல் பதிவு: "அம்மா, நீங்கள் ஓம் எண்ட கலர்தான். நீங்கள் வீடு விடுறியள் எண்டு பில்டிங் ஒபிசிலயும் சொல்லீட்டன். வந்து சைன் வைச்சால் சரி. You don't have to lift a thing."

 அவன் அன்போடு செய்திருக்கிறான், அதுதான் இன்னும் கோபமாக இருந்தது. உடனே எடுத்துக் கத்தலாம் என்று பார்த்தால் குழுவை ஏற்றிக்கொண்டு வான் வண்டி புறப்பட்டுவிட்டது. குன்றுகளுக்குள் போனதும் சிக்னல் இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன்.

வான் போய் நின்றது அந்தக் கறுப்புப் பானைகளின் கிராமத்தில். என் வயதுதான் இருக்கும், ஒரு குயவர் பெண் தன் வீட்டு மேசையில் எங்களை இருத்தினாள். இன்னும் சுடாத பச்சைப் பானை ஒன்றை மடியில் வைத்து வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே பேசினாள். சுடும்போது காய்ந்த சாணத்தால் தீயை மூடி மூச்சு முட்ட வைப்பார்களாம், அந்தப் புகைதான் பானையைக் கறுப்பாக்குமாம். சாணம் என்றதும் எங்கள் குழுவினர் மூக்கைச் சுளித்தார்கள்.

ஒருவர் படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

"இல்லை," என்றாள்.

பானையில் இருக்கும் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இன்னொருவர் கேட்டார்.

"அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை," என்றாள். கல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு எங்கள் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள், சீனி வேண்டுமா என்று கேட்டாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, பாப்பம் இல்லை. யாரும் கோபிக்கவும் இல்லை. கேட்ட மனிதர் தலையாட்டிவிட்டுக் கோப்பியைக் குடித்தார். ஒரு ‘இல்லை’யைச் சொல்லிவிட்டு அதே கையால் கோப்பியும் கொடுக்கலாம் என்பது எனக்கு இந்த வயதுவரை தெரியாது. வெளிக்கிடும்போது அந்தப் பானையைத் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். அதற்கு ஆம் என்றாள். இரண்டு கையாலும் பிடித்தேன், தேய்த்த சூடு இன்னும் அதில் இருந்தது.

பின்னேரம் சிக்னல் வந்தது. நான் போன் எடுக்கவில்லை. போனில் சொன்னால் காற்றுக்கும் ரெயினுக்கும் நடுவில் முடியாது என்று சொல்லும் என் ‘ஏலாது’வும் இன்னொரு ஓமாகிவிடும். முகத்துக்கு நேரே சொல்வது என்று முடிவெடுத்தேன். மிச்ச நாட்களில் அவன் எடுத்தபோது, வந்து கதைக்கிறன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தேன். மலை விளிம்புக்கு அந்த ஒரு மைலையும் நடந்து ஏறினேன். மேலே நின்று, மந்திரம் இல்லாமல், "ஏலாது" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பல் வைத்தியர் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். கட்டிப்பிடித்தான், பெட்டியைத் தூக்கினான், பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது என்றான். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும், வெளியேறும் வழிகள் உள்ள ஓரத்துக் கலெக்டர் பாதையை விட்டு நடுவிலுள்ள எக்ஸ்பிரஸ் பாதைக்குள் காரை விட்டான். எனக்கு விளங்கிவிட்டது. எக்ஸ்பிரசிலேயே போனால் என் வீட்டுக்குத் திரும்பும் வோர்டன் எக்சிற்றில் இறங்க முடியாது. வெக்ஸ்போர்ட் கண்ணுக்கு முன்னால் கடந்துபோகும்.

"எங்கை போறாய்?"

"விட்பிக்கு, அம்மா. அவ சமைச்சு வைச்சிருக்கிறா. பேஸ்மென்றையும் பாத்த மாதிரி..."

வலது பக்கம் கலெக்டருக்குத் திரும்பும் வழி வரப்போவதாகப் பலகை சொன்னது.

"தம்பி, கலெக்டருக்கு எடு. நான் என்ர வீட்டை போறன்."

"நாளைக்குப் போவம், அம்மா."

"நான் விட்பிக்குக் குடி வரேல்லை. ஏலாது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கள் ஓம் எண்டு சொன்னியள்! ஒவ்வொரு நாளும் சொன்னியள்!"

"அது கேக்குது எண்ட ஓம்."

"அதுக்கு முதல் பாப்பம் எண்டியள்."

"அது ஏலாது எண்ட பாப்பம்."

"எனக்கு எப்பிடி அம்மா தெரியும்?" குரல் உடைந்திருந்தது. "ஏன், எங்களோட இருக்க விருப்பமில்லையோ?"

காரணங்கள் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. கார், பால், ஜன்னல், மண். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஏலாது, ராசா," என்றேன். "செவ்வாயும் புதனும் ரெயினில வந்து பிள்ளையைப் பாப்பன். உண்மையாப் பாப்பன். குடி வரமாட்டன்."

அவன் கண்ணாடியைப் பார்த்து வலப்பக்கச் சிக்னலைப் போட்டான். சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடித்தது. கார் வலப்பக்கம் விலகிக் கலெக்டருக்குள் இறங்கியது. வோர்டன் எக்சிற்றில் இறங்கினோம். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

வீட்டுக்குள் காலடி வைக்க இடமில்லை. குசினி காலி. பல்கனிச் சட்டிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி, ஒன்றும் உடையாமல் பெட்டிக்குள் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதோ. கேத்திலைத் தேடி எடுத்து அவனுக்குத் தேத்தண்ணி வைத்தேன்.

"வாற ஞாயிறு வந்து எல்லாத்தையும் திருப்பி அடுக்கித் தா," என்றேன்.

"பாப்பம்," என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

"இந்த வீட்டில இனிப் பாப்பம் இல்லை. ஓமோ, ஏலாதோ?"

"ஓம்."

"எந்த ஓம்?"

 கோப்பையைக் கீழே வைத்தான். பொக்கற்றில் இருந்து கார்த் திறப்பை எடுத்தான். முன்னால் இருந்த பெட்டிக்கு முன் முழந்தாளிட்டு, ஒட்டுநாடாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்தான்.