நிப்பா காய் வைத்த இலை

அந்த நாவலின் அட்டையில் 'சரித்திர நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வில்லங்கம் அதில்தான் தொடங்கியது. டவுனில் பத்திரிகை விற்ற ஒட்டுக்கடையில் வாடகைக்கு எடுத்து வந்தேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் எல்லாரும் ரேடியோவே கதியென்று கிடந்த மாதங்கள். எனக்கு அந்தப் புத்தகம் போதுமானதாக இருந்தது.

எனக்காக மட்டும் படிக்கவில்லை. பக்கத்தில் செட்டிகள் குடியிருந்த கம்பத்தில் என் சிநேகிதி இருந்தாள். கோயிலில் எங்களைவிடச் சுத்தமாகச் சாமி கும்பிடுவாள். தமிழ் மட்டும் வராது. மலாக்காச் செட்டிகளுக்கு வீட்டுப் பேச்சு மலாய்தான். மத்தியானங்களில் அவள் அடுப்படியில் உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தைப் படித்து மலாயில் சொல்வேன். சம்பாலுக்கு மிளகாய் இடித்துக்கொண்டே கேட்பாள். அவள் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

கதை இதுதான். ஒரு குறுநில மன்னனின் மகள், அவள் பல்லக்குக்கு முன்னால் வாளோடு நடக்கும் காவல்காரி. ஒருத்தி மேல் ஒருத்தி உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் 'தோழமை' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார். ஆனால் இளவரசி காவல்காரிக்குத் தலை வாரிவிடுவது பக்கம் பக்கமாகப் போகிறது. தோழிக்குச் சிக்கெடுக்க இத்தனை பெருமூச்சு எதற்கு? எனக்குச் சிரிப்பு வந்தது. சிநேகிதிக்கு வரவில்லை. இடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

காவல்காரிக்கு நுங்கு என்றால் பிராணன். "நுங்குன்னா என்ன?" என்று சிநேகிதி கேட்டாள். நானே கண்டதில்லை. இந்த ஊரில் பனைமரம் ஏது? வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "ஆத்தோரத்துல நிப்பா காய் இருக்குல்ல, ஏறக்குறைய அது மாதிரிதாம்மா. ஆனா நுங்கு ருசி அதுக்கு வராதுலா" என்றார். அதை அப்படியே போய்ச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் சிங்கப்பூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. என்னைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவளை எனக்குப் பிடித்திருந்தது. சிநேகிதியைப் பிடிக்கிற மாதிரி இல்லை, அந்தப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. புத்தகத்தைப் படித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. கல்யாணத்தைக் கெடுக்கும் எண்ணமும் இல்லை. போன பிறகு என்னை நினைப்பாளா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. அதை எப்படிக் கேட்பது?

கதை முடிவுக்கு வந்தது. இளவரசி மேல் விட்ட அம்பைக் காவல்காரி மார்பில் வாங்கிக்கொண்டு சாகிறாள். அடுத்த அத்தியாயத்தில் இளவரசி பட்டத்துராணி, கையில் பிள்ளை, ஊரெல்லாம் தோரணம். செத்தவளைப் பற்றி அப்புறம் ஒரு வரி கிடையாது. ஆசிரியர் எதிரே இருந்திருந்தால் புத்தகத்தை அவர் மேலேயே வீசியிருப்பேன். வேண்டா வெறுப்பாக அதையும் சொல்லி முடித்தேன்.

"ராணி அவளுக்குப் படையல் போட்டாளா?" என்று சிநேகிதி கேட்டாள்.

"புத்தகத்தில் இல்லை."

"புள்ளகுட்டி?"

"இல்லை."

"கெசியான்" என்றாள். பாவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. "அப்போ அவளுக்கு யாருதான் போட்டது?"

அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, எல்லாம் கற்பனை என்றேன். அவள் அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "நடந்த சரித்திரம்னு நீதானே படிச்சு சொன்னே?" என்றாள்.

பழங்கள் பழுக்கும் பருவத்தில் செட்டி வீடுகளில் பார்ச்சு உண்டு. வீட்டில் செத்துப்போனவர்களுக்கு வாழையிலை விரித்து, அவரவர் ஆசைப்பட்ட பழங்களை வைத்துப் படைப்பார்கள். அந்த வருடம் என்னையும் கூப்பிட்டிருந்தாள். அவள் பெரியப்பா இலையில் டுரியான். அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. தம்பியை விட்டு வைக்கச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். வரிசையின் கடைசியில் சின்னதாக ஓர் இலை இருந்தது. அதில் உரித்த நிப்பா காய்.

"இது யாருக்கு?" என்றார் அவள் அம்மா.

"ஆளில்லாத ஒருத்திக்கு."

அம்மா குனிந்து அந்த இலையை நேராக்கிவிட்டுப் போனார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லி வைத்தேன்.

செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவது வழக்கம். ரம்புத்தான் மரத்தடியில் நின்றோம். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நீ கல்யாணம் பண்ணிக்க மாட்டே. எனக்குத் தெரியும். உனக்கு யாரு போடுவா?"

கீழே கிடந்த ரம்புத்தான் இலையைக் காலால் தள்ளினேன்.

"என்ன வைக்கணும்னு இப்பவே சொல்லிடு. சிங்கப்பூர்லயும் வாழையிலை கிடைக்கும்."

எனக்கு மங்குஸ்தீன் பிடிக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய புது வீட்டில் மூலைமுடுக்கெல்லாம் வாசனை ஏறி, இந்த இலை யாருக்கு என்று அவள் புருஷன் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"டுரியான்" என்றேன்.

முகத்தைச் சுளித்தாள். பிறகு, "சரி, நானே என் கையால உடைச்சு வைக்கிறேன்" என்றாள்.