சம்பந்தியோடு மலையேற ஒரு ஜோடி பூட்ஸ்

1. அளவு

“சார்வாள், மூணு வாரத்துல நான் ஒரு மலை ஏறணும். ஏறலன்னா எம்மவ கல்யாணம் நின்னாலும் நின்னுரும். நல்லதா ஒரு பூட்ஸ் குடும்” என்றார் வேலாயுதம் அண்ணாச்சி.

கோவில்பட்டியில் ஒரு செருப்புக் கடையில் நாற்பது ஆண்டுகளாகக் கால் அளந்து வருகிறேன். படித்தது கணிதம். அதனாலோ என்னவோ, எதையும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றியதும் முதலில் விரல்களை எண்ணிவிடுவேன். இதுவரை ஒருவருக்குத்தான் பதினொன்று இருந்தது. முன்பக்கம் அகலமான ஷூ கொடுத்தேன், சந்தோஷமாகப் போனார். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். உதவாவிட்டால் இரண்டு முறை சிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. வீட்டு வாசலிலிருந்து கார், காரிலிருந்து ஆபீஸ் நாற்காலி, இவ்வளவுதான் அவர் நடை. அவர் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேச்சு தொடங்கியிருந்தது. பையனின் அப்பா விடுமுறை தவறாமல் மலையேறுகிறவராம். அவர் போனில் சொன்னதை அண்ணாச்சி அப்படியே கொங்குப் பேச்சில் சொல்லிக் காட்டினார்.

“‘ஒரு ஆளோட அரை நாள் மலையேறினாப் போதுங்க, அவரு எப்படிப்பட்டவருன்னு தெரிஞ்சு போயிருமுங்க’ங்காரு. நான் என்ன சொல்ல? ‘அதுக்கென்ன, எனக்கும் மலைன்னா உசுரு’ன்னுட்டேன்.”

“கடைசியா எந்த மலை ஏறுனீங்க?”

“கழுகுமல. மொட்ட எடுக்கையில. எங்கப்பா தூக்கிக்கிட்டுப் போனாரு.”

எந்த மலை என்று தெரியாமல் பூட்ஸ் எடுக்கக் கூடாது. ராஜபாளையத்துக்கு மேற்கே, வனத்துறை அனுமதியோடு போகிற பாதை என்றார். போனில் படம் காட்டினார். மர நிழல், சரளைக்கல், குறுக்கே இரண்டு ஓடை.

“எல்லா மலைக்கும் பொதுவா ஒண்ணு குடுத்துருமே.”

“அப்படி ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. மொட்டப் பாறைன்னா அடி தட்டையா, ரப்பர் மெதுவா இருக்கணும், அப்பத்தான் பாறையில ஒட்டும். ஈரக் காடுன்னா அடியில ஆழமாப் பல்லு வேணும். சரளைக்கல்லுன்னா சோல் கெட்டியா இருக்கணும், கணுக்கால மூடணும். உங்க பாதைக்கு நடுத்தரமான பல்லு, கணுக்கால் வரைக்கும் ஒசரம்.”

“நம்ம கரிசக்காட்டுக்கு?”

“வெயில்னா எதையும் போடலாம். மழைன்னா வெறுங்காலுதான். அந்தப் பல்லுல கரிச மண்ணு அப்புச்சுன்னா காலுக்கு ஒரு அம்மிக்கல்லு.”

அவர் சாயங்காலம் வந்தது நல்லதாயிற்று. காலையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நாளெல்லாம் உழைத்து, கொஞ்சம் வீங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் கால் தன் உண்மையான அளவைக் காட்டும். கெட்டி சாக்ஸைப் போடச் சொல்லி அளந்தேன். எல்லாருக்கும் போல அவருக்கும் ஒரு கால் பெரிது. இடது கால் அரை சைஸ் கூடுதல். பெரிய காலுக்கு பூட்ஸ் எடுத்து, சின்னக் காலுக்கான பூட்ஸுக்குள் ஒரு இன்சோல் அட்டை வைத்தேன். பாதத்தை முன்னால் தள்ளச் சொல்லிக் குதிக்குப் பின்னால் என் விரலை விட்டேன். ஒரு விரல் போயிற்று. அதுதான் கணக்கு. இரண்டு விரல் போனால் பெரிது, விரலே போகாவிட்டால் நகம் போய்விடும்.

ஏறும்போது குதி தூக்குகிறதா, இறங்கும்போது கட்டைவிரல் இடிக்கிறதா என்று சாய்தளத்தில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் இருக்கும் ஒரே சாய்தளம், முதலாளி ஸ்கூட்டரை ஏற்றுவதற்கு வாசலில் போட்ட சிமெண்டுச் சரிவு. வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணாச்சி, பூட்ஸ் காலோடு அதில் ஏறி இறங்கினார். செருப்பு வாங்க வந்த ஒரு அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சிக்கு என்ன செய்யுது? வாதமா?”

2. வீட்டுக்குள் பூட்ஸ்

புது பூட்ஸோடு நேராக மலைக்குப் போகிறவர், பாதி வழியில் கொப்புளத்தோடு திரும்புவார். தோல் பூட்ஸ் காலுக்குப் படிய வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள் என்று எல்லாருக்கும் சொல்வது போலத்தான் அவருக்கும் சொன்னேன். பூட்ஸோடு வருகிற அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அதை அச்சடித்தவர் கோவில்பட்டியில் குடியிருந்தவர் அல்ல.

மறுநாள் போன் வந்தது.

“சார்வாள், பூட்ஸ் காலோட வாசல் நடையத் தாண்டுனேன். ஒங்க மதினி கரண்டியோட வந்து நிக்கா. ‘பூசை ரூம் இருக்க வீட்டுக்குள்ள செருப்புக் கால வைக்கீயளே, புத்தி கெட்டுப்போச்சா’ன்னு கேக்கா.”

“புது பூட்ஸ்தான, மண்ணே படலன்னு சொல்லுங்க.”

“சொன்னேன். ‘அப்ப தலையில வச்சுக்கிட்டு நடங்க’ங்கா.”

மொட்டை மாடிக்குப் போகச் சொன்னேன். மாடி முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்தது. ஓரமாக நடந்ததில் நாலு வத்தல் நொறுங்கி, நெடி ஏறி, தும்மலோடு இறங்கினார். தெருவில் நடக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர், “என்ன அண்ணாச்சி, போலீசு வேலைக்கு எழுதிப் போட்டியளா?” என்று கேட்டாராம். தொழிற்சாலையில் நடக்கச் சொன்னேன். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்று வேலையே ஓடவில்லை என்றார்.

“கடைக்கு வாங்க. எங்க சரிவுலயே நடங்க” என்றேன்.

“வாதம்னு ஊரு பூரா பேச்சு கெளம்பிட்டுவே. சம்பந்தி காதுக்குப் போச்சுன்னா?”

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தெம்பு இருந்தது.

“சார்வாள், நீரு கவலையே படாதேயும். பழக்குததுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.”

நானும் நிம்மதியாக இருந்தேன். என் வாழ்வில் அபூர்வமாகத்தான் அப்படி இருந்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு தடவையும் ஏமாந்திருக்கிறேன்.

3. டீக்கடையில் பார்த்தது

மலைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளியன்று டீக்கடைக்குப் போனேன். பெஞ்சுக்குக் கீழே எனக்குத் தெரிந்த பூட்ஸ் ஒன்று தெரிந்தது. லேஸ் ஓட்டைகளை எண்ணினேன். பக்கத்துக்கு எட்டு. என் பூட்ஸேதான். கணுக்கால் வரைக்கும் கரிசல் மண் காய்ந்து வெடித்திருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சியின் டிரைவர் செல்லத்துரை, கையில் வடையோடு இருந்தான்.

“ஏலே, இது யாரு பூட்ஸ்?”

“மொதலாளியதுதான். அவியதான் ‘ஒனக்கும் ஒம்போதுதான சைசு, நீ போட்டுப் பழக்கிக் குடு’ன்னு குடுத்தாவ. என்ன சொகம்கீய சார்வாள். காலு உள்ள தூங்குது.”

“எங்கெல்லாம் போட்டுக்கிட்டுப் போன?”

“ஊருக்குப் போயிருந்தேன்லா, புதூருக்கு. ஆட்டப் பத்திக்கிட்டு ஓடையில நடந்தேன். மழ பேஞ்சுதா, கரிசக்காட்டுச் சகதியில ஒரு கால் மாட்டிக்கிட்டு. மாமாவும் மச்சானும் இழுத்து எடுத்தாவ. பெறகு கொழுந்தியா கல்யாணம் ஒண்ணு. போட்டோவுல பூராம் பூட்ஸ்தான் தெரியுது.”

அவனைப் பெஞ்சில் சாய வைத்துப் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அவனுக்குச் சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கும். இரண்டு பூட்ஸிலும் அதே இடத்தில் தோல் எலுமிச்சங்காய் போலப் புடைத்திருந்தது. உள்பக்கமாகக் குதியை அழுத்தி நடப்பான் போல. குதியும் அந்தப் பக்கமே சரிந்திருந்தது. பூட்ஸ் நன்றாகவே பழகியிருந்தது, செல்லத்துரையிடம்.

நேரே அண்ணாச்சி ஆபீசுக்கு நடந்தேன். அவர் பதறவே இல்லை.

“புதுக் கார் எடுத்தா மொத ஆயிரம் கிலோமீட்டர் யாரு ஓட்டிப் பழக்குதா? அவன்தான? அதுக்குப் பெறவு நான் சொகமா உக்காந்து போகல?”

“அண்ணாச்சி, காரு ஓட்டுறவன் காலுக்கு வளையாது. பூட்ஸ் வளையும்.”

“வளையுமா வளையாதான்னு ஞாயித்துக்கிழம பாப்போம். நீரும் வாரும்.”

அந்த சைஸில் அதுதான் கடைசி ஜோடி. புது ஜோடி கிடைத்தாலும் பழக்க நாள் இல்லை. மண்ணைக் கழுவி, உள்ளே காகிதம் திணித்து, நிழலில் காய வைத்தேன். மண் போயிற்று. புடைப்பு போகவில்லை. விரிந்த தோல் சுருங்காது.

4. மலை

பன்னிரண்டு பிளாஸ்திரி, மூன்று ஜோடி சாக்ஸ், இரண்டு லேஸ் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி, அவர் மகள், நான் மூவரும் செல்லத்துரை ஓட்டிய காரில் போனோம். மலையடிவாரத்தில் பையனின் அப்பா, அந்தக் கோயம்புத்தூர்க்காரர், மகனோடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர், நல்ல சிரிப்பு. அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தேன். வெளிநாட்டு பூட்ஸ். பார்த்தாலே தெரிந்தது, நிறைய நாள் பெட்டிக்குள் கிடந்தது.

“இது நமக்குப் பிரியமான ஜோடிங்க. முக்கியமான நாளுக்குன்னே எடுத்து வச்சிருந்தேனுங்க. பல வருசமாச்சு” என்றார்.

போடாமல் பத்திரப்படுத்திய பூட்ஸில் சோலை ஒட்டிய பசை தானாகவே செத்துப்போகும். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் உதிரும். ஆனால் நிச்சயம் ஆகாத நிலையில், பெண் வீட்டோடு வந்தவன் மாப்பிள்ளையின் அப்பா காலைப் பிடித்து அழுத்திப் பார்ப்பது எப்படி? பையிலிருந்த பிளாஸ்திரியை இன்னொரு முறை எண்ணிக்கொண்டேன்.

பெண்ணும் பையனும் முன்னால் போனார்கள். அடுத்து இரண்டு அப்பாக்கள். பின்னால் நான், எனக்குப் பின்னால் ரப்பர் செருப்போடு தண்ணீர்ப் பையைச் சுமந்து செல்லத்துரை.

முதல் வளைவிலேயே அண்ணாச்சி நடை மாறிவிட்டது. ஓடையில் கல் தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னார்.

“சார்வாள், குதி உள்ள வழுக்குது. சுண்டுவெரலு அந்தக் குழிக்குள்ள போயி உக்காந்துகிட்டு வரமாட்டேங்கு.”

“கழத்திருவமா?”

“கழத்துனா போச்சு. எம்மவ மொகத்துல எப்படி முழிக்க? நடயும்.”

முன்னால் போன கோயம்புத்தூர்க்காரர் காலிலிருந்து இப்போது ஒரு சத்தம் வரத் தொடங்கியது. டப், டப். வலது சோல் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரத்தில் இடதும் சேர்ந்துகொண்டது. டப் டப் என்று அவரும், உஸ் உஸ் என்று இவரும், வாயால் மட்டும் மலையழகைப் புகழ்ந்துகொண்டே ஏறினார்கள்.

“காத்து சுத்தமா இருக்குங்க.”

“ஆமா, நம்ம பக்கம் இப்படி வராது.”

கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒரு புளியமரத்தடியில் நின்றார். “இந்த இடத்துல காட்சி நல்லாருக்குங்க. சித்த உக்காரலாமுங்களா?”

எதிரில் இருந்தது ஒரு முள்புதர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். அடுத்து கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்த வேகத்தில் அவரது வலது சோல் முழுதாகக் கழன்று, சரிவில் உருண்டு, செல்லத்துரை காலடியில் போய் நின்றது. அவன் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான்.

பிறகு அண்ணாச்சி மெதுவாகத் தன் பூட்ஸைக் கழற்றினார். குதியில் இரண்டு கொப்புளம், விரலில் மூன்று.

“எனக்கு மலையெல்லாம் பழக்கமில்ல சம்பந்தி. பூட்ஸ்கூட நான் பழக்கல, எங்க டிரைவர்தான் பழக்குனான்” என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் கையிலிருந்த சோலையும் கொப்புளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நானும் மலையேறி ஏழெட்டு வருசமாச்சுங்க. முட்டி வலிங்க. அப்பா விடுமுறைக்கு விடுமுறை ஏறுறாருன்னு பையன்தான் உங்க பொண்ணுகிட்டப் பெருமையாச் சொல்லிட்டானுங்க. நானும் அதையே காப்பாத்தலாமுன்னு” என்றார்.

அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சிறுசுகளைத் தனியே மேலே விட முடியாது என்று, அண்ணாச்சி பூட்ஸைச் செல்லத்துரையிடம் நீட்டினார்.

“ஏலே, நீ போட்டுக்கிட்டு இவியளோட போயிட்டு வா. ஒன் செருப்ப இங்கன விட்டுட்டுப் போ.”

அவன் மாட்டிக்கொண்டு வெள்ளாடு மாதிரி ஏறிப் போனான். அப்படி ஒரு பிட்டிங்கை என் நாற்பது ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. குதி தூக்கவில்லை, விரல் இடிக்கவில்லை.

இரண்டு அப்பாக்களும் பக்கத்து ஓடைத் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்தை எங்கே வைப்பது என்று பேசினார்கள். எவ்வளவு பேர், என்ன சாப்பாடு என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மண்டபம் தரைத்தளமாக இருக்க வேண்டும், ஏறுவதற்குப் படி இருக்கக் கூடாது என்பதை மட்டும் அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். நான் பன்னிரண்டு பிளாஸ்திரியையும் ஒட்டி முடித்தேன். ஐந்து கொப்புளத்துக்கு அண்ணாச்சிக்கு ஐந்து. மீதி ஏழும் சம்பந்தியின் சோலுக்கு.

5. இதில் கற்றது

நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது கோயம்புத்தூர்க்காரர் எங்கள் கடையைத் தேடி வந்தார். சாயங்காலமாகப் பார்த்து, கெட்டி சாக்ஸோடுதான் வந்தார். ஒழுங்கான மனிதர். அவருக்கும் ஒன்பதுதான் சைஸ், அதில் புதுச் சரக்கு வந்திருந்தது. அளந்து, விரல் விட்டுப் பார்த்து, சரிவில் நடக்கவிட்டு, எல்லாம் சரியாக வந்தது. பெட்டியில் வைக்கப் போகும்போது கேட்டார்.

“ஏனுங்க, அந்தச் செல்லத்துரை எந்நேரம் சும்மா இருப்பாருங்க?”

பூட்ஸைப் பெட்டிக்குள் வைக்காமல் மறுபடியும் அவர் காலிலேயே மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டி, நிச்சயதார்த்த வீடு வரைக்கும் நடந்தே போகச் சொன்னேன். வாசலில் கழற்றிக்கொள்ளலாம்.

கடைக்கு வருகிற பிள்ளைகளே, பாறையா, ஈரமா, சரளையா என்று கேளுங்கள். காலைச் சாயங்காலத்தில் அளங்கள். இரண்டு காலையும் அளங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், “இந்த பூட்ஸைப் போட்டு நடக்கப் போறது யாரு?” என்று கேட்டுவிடுங்கள். ‘நான்தான்’ என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். இன்னொரு தடவை கேளுங்கள்.