வழித்துவிட்ட சோளம்

கம்பம் சந்தையில் நான் தானியம் அளந்துவந்த காலத்தில் வாராவாரம் ஒரு பெண் வருவாள். தோடு இருந்த காதில் வேப்பங்குச்சி. ஒரு படி சோளம் கேட்பாள். நான் கூம்பாக அளந்தால், மேலே நிற்பதை உள்ளங்கையால் வழித்து என் சாக்கிலேயே தள்ளிவிடுவாள்.

“ஏ ஆத்தா, எல்லாரும் இன்னும் கொஞ்சம் போடுன்னு சண்டைக்கு வாராக. நீ திருப்பித் தாரியே!”

“இருக்கிற கடன் பத்தாதாண்ணே? இது வேறயா?”

கடன்காரனுக்குப் பயந்து புருஷன் மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். களையெடுத்த கூலியில் அரைவயிறு உண்டு, இவள்தான் அந்தக் கடனை அடைத்துவந்தாள். கடன் தீர்ந்தால் அவன் வருவான் என்று நம்பினாள்.

ஒருநாள் அரிசி கேட்டாள். கூம்பை வழிக்கவில்லை.

“கடன் தீந்துருச்சுண்ணே. மலைக்குப் போற வண்டிக்காரககிட்ட எங்க வீட்டுக்காரகளுக்குச் சொல்லிவிட்டுருக்கேன். அவுக வந்தாகன்னா சோளக்கஞ்சியவா ஊத்துறது?”

“அப்ப விருந்துக்கு என்னையும் கூப்பிடு!”

வாய்பொத்திச் சிரித்தாள். அதன்பின் சில வாரம், அவன் வருவான் என்று அரிசிதான் வாங்கினாள்.

பிறகு ஒரு சந்தையன்று மறுபடி சோளம் கேட்டாள். நான் கூம்பாக அளந்தேன். இப்போது யாருக்கும் கடன்படாத அந்தக் கை மெல்ல நீண்டு, மேலே நின்றதை வழித்துவிட்டது.

“ஒத்த வயித்துக்கு இது போதும்ணே.”

அவள் தள்ளிவிட்ட சோளத்தை அன்று இன்னொருவருக்கு அளக்க எனக்குக் கை வரவில்லை.